நாலு மணி நேரத் தூரம்

கும்மிடிப்பூண்டி
12.12.2005

அன்புள்ள ஷாகிர் பாய்க்கு, எட்வர்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மாவும் தங்கச்சி கிறிஸ்டினாவும் சுகம். துபாயில் நீங்களும் நம் அறைக்காரர்களும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன்.

அப்பா காலமான செய்தியைப் போனில் சொன்னேன். மற்றதைச் சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

துபாயிலிருந்து சென்னை மூவாயிரம் கிலோமீட்டர் என்று விமானத்தில் திரையில் காட்டினார்கள். நாலு மணி நேரத்தில் இறக்கிவிட்டார்கள். மீனம்பாக்கத்திலிருந்து வீட்டுக்கு அறுபது, அறுபத்தைந்துதான் இருக்கும். அதற்கு ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. மழையில் செங்குன்றம் தாண்டியதும் லாரிகள் வரிசையாக நின்றன. கவரப்பேட்டையில் காரை விட்டிறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தேன். சிப்காட்டுக்கு ஷிப்டு போன ஒருவர் பைக்கில் ஏற்றிக்கொண்டார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

டாக்டர்கள் கைவிரித்து அப்பாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா நைனா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வர்றதுக்கு எத்தினி நாளாச்சு?" என்று கேட்டார். நாலு மணி நேரம் என்றேன்.

"அவ்ளோதானா? ரொம்ப தூரம்னு நெனச்சிக்கினு இருந்தேன். தெரிஞ்சிருந்தா முன்னாடியே கூப்ட்டிருப்பேன்."

மூன்று நாள் என் கையால் கஞ்சி குடித்தார். ஆறாம் தேதி காலை என் மடியிலேயே போய்விட்டார்.

ஒரு நேரத்தில் ஒருத்தரைத்தான் லீவில் விடுவேன் என்று ஃபோர்மேன் சொன்னபோது, உங்கள் முறையை எனக்கு எழுதிக் கொடுத்தீர்கள். ஊரில் உங்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை என்றீர்கள். நானும் நம்பிவிட்டேன்.

நேற்று பழவேற்காட்டில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் மகள் அஃபீஃபாவுக்கு முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஜுவைரியா அக்கா சாப்பிடாமல் விடவில்லை. நீங்கள் வராததற்கு நான்தான் காரணம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அக்கா சொன்னார்: "அவரோட வாப்பா மவுத்தானப்போ லீவு கிடைக்கல தம்பி. இன்னிவரிக்கும் அதப்பத்தி ஒரு வார்த்த பேசுனது இல்ல. ஒங்கள அனுப்பி வச்சிட்டாரு, அவ்ளோதான்."

இரண்டு வருஷம் ஒரே அறையில் படுத்தோம். எனக்கு இது தெரியாமல் போயிற்று.

என் லீவு ஜனவரி கடைசி வரை இருக்கிறது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் இருபத்தெட்டாம் தேதி கிளம்பி வருகிறேன். ஃபோர்மேனிடம் போனில் பேசிவிட்டேன். நான் வேலைக்குத் திரும்பும் அன்றே உங்களை அனுப்பச் சம்மதித்துவிட்டார். பக்ரீத் தொழுகை உங்களுக்கு ஊரில்தான். மறுக்கக் கூடாது. அம்மாவும் அதைத்தான் சொல்கிறார்.

தம்பியாக ஒன்று கேட்கிறேன். ஊரில் இறங்கியதும் முதலில் வாப்பாவை அடக்கிய கபருக்குப் போய், எவ்வளவு நேரம் வேண்டுமோ இருந்துவிட்டு வாருங்கள். அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். சோறு ஆறினாலும் பரவாயில்லை என்றார்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

என்றும் நன்றி மறவாத,
பா. எட்வர்ட்