வியாழக்கிழமைச் சிவப்பு

மாசி 6, வியாழன்

காலையில் பனி. எட்டு மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். நான் சொல்கிறேன், மருமகள் செல்லம்மா எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. யாருக்கும் படித்துக் காட்டக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியாயிற்று.

ஆற்றைப் படம் பிடித்தாகிவிட்டது. சேலத்துப் படக் கம்பெனியில் கேமராவுக்கு உதவியாக இருக்கும் தாமஸ் தம்பி, மிச்சப் பிலிம் கொஞ்சம் கொண்டுவந்தார். கூடாரக் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஓட்டலாம். முதலாளி சம்மதம். படத்தில் பேச்சு கிடையாது. நான்தான் சொல்ல வேண்டும். ஊமைப்படக் காலத்தில் பத்து வருடம் திரை ஓரம் நின்று கதை சொன்னவன். பேசும் படம் வந்தது, என் வாய் மூடியது.

வேண்டியது ஒன்றுதான். மேல்கரைச் சாயக்காரர்கள் தொட்டித் தண்ணீரை ஆற்றில் விடக் கூடாது. குழி வெட்டி அதில் விடட்டும். ஊர் குடிப்பது மணலில் தோண்டும் ஊற்றுத் தண்ணீர். அதிலும் சாயம்.

பிடித்தவை: ஊற்று, குடத்தோடு பெண்கள், செத்த கெளுத்தி இரண்டு, சாயம் வரும் வாய்க்கால். வாய்க்காலில் இன்று நல்ல சிவப்பு. தாமஸ் தம்பிக்குச் சந்தோஷம். எனக்கும். என் காரணம் வேறு.

அது என் மகள் வள்ளி கலக்கிய சிவப்பு. சம்பந்தியின் சாயப்பட்டறையில் வியாழன்தோறும் சிவப்பு அவள் வேலை. இரண்டு வருடம் முன்பு பஞ்சாயத்தில் சாயத் தண்ணீரைப் பற்றிச் சம்பந்தியை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவளை இங்கே அனுப்புவதில்லை. தீபாவளிக்கும் இல்லை. நானும் அங்கே கால் வைக்கக் கூடாதாம். வாய்க்காலில் சிவப்பு வந்தால் அவள் எழுந்து நடமாடுகிறாள் என்று அர்த்தம். போன ஐப்பசியில் இரண்டு வியாழன் செங்கல் நிறமாக வந்தது. வேறு யாரோ கலக்கியது. அவளுக்குக் காய்ச்சலோ என்னவோ. மூன்றாம் வியாழன் பழைய சிவப்பு. அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

செல்லம்மா கேட்கிறாள்: "ஏனுங் மாமா, ஆறு தெளிஞ்சுபோச்சுன்னா அண்ணி சேதி எப்படிங்க தெரியும்?"

இன்றைக்கு எழுதினது போதும் என்றேன்.

மாசி 16, ஞாயிறு

பிலிம் கழுவி வந்தது. மாலை முதல் ஆட்டம். தரையில் நல்ல கூட்டம். சம்பந்தி பெஞ்சில். பெண்கள் பக்கம் இரண்டு தடவை பார்த்தேன். வள்ளி இல்லை.

ஊற்று வந்தது, குடங்கள் வந்தன. அப்புறம் வாய்க்கால். வெயில் பட்டு, வெள்ளிக் கம்பி மாதிரி பளபளவென்று. கறுப்பு வெள்ளைப் பிலிமில் சிவப்பு எங்கிருந்து வரும்? நிறத்தில் பிழைக்கும் ஊர். திரைக்குப் பக்கத்திலேயே நின்றவன் நான். இது முன்னாலேயே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தாமஸ் தம்பி தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, நம்ம ஆறுங்களா! என்ன அழகுங்க!" கைதட்டல் வேறு.

சம்பந்தி எழுந்து என் பக்கம் திரும்பி, "ஏனுங் சம்பந்தி, கண்ணாடியாட்ட ஓடுது. இதுக்கா பஞ்சாயத்து வெச்சீங்க?"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. சொல்ல வந்ததை விட்டுவிட்டு, கூடாரத் துணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மாசி 17, திங்கள்

உடம்பு சரியில்லை. ரசம் சோறு. பல்லி எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது.

மதியம் தாமஸ் தம்பி சைக்கிளில் வந்தார். "படத்துல இல்லாததச் சொல்லத்தானுங்களே ஊமைப்படக் காலத்துல உங்களத் திரை ஓரம் நிக்க வெச்சாங்க? சாயந்தரம் மறுபடி ஓட்டச் சொல்லிட்டேன். வந்து நில்லுங்க." வேட்டியைத் துவைக்கப் போட்டிருந்தேன். ஈரத்தோடு கட்டிக்கொண்டு போனேன்.

மாசி 18, செவ்வாய்

நேற்று நடந்தது. "நீங்க பாக்கறது வெள்ளைங்க. நான் நெறம் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தேன். மலையில் பிறந்த இடத்தில் ஆற்றுக்கு நிறமே இல்லை என்றேன். கதைக்குள் ஒரு பெண்ணை வைத்தேன், ஊற்றுக்குக் குடத்தோடு வருகிறவள். திங்கள் அவள் குடத்தில் நீலம். புதன் மஞ்சள். குரல் பழைய மாதிரி எழும்பியது.

பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி: "ஆமாங்க, எம் புருசன் வெள்ள வேட்டி ரோசாவா வந்துச்சு. எவ சேலைல ஒட்டுச்சுடான்னு வெளக்குமாத்த எடுத்துட்டேன்!"

சிரித்தார்கள். அடங்கினார்கள். வாய்க்கால் வந்தது. "இது செவப்புங்க" என்றேன்.

சம்பந்தி எழுந்தார். "ஆத்தோரம் பத்துப் பட்டறை இருக்குது. எங்க ஊட்டுச் செவப்புன்னு என்னத்தக் கண்டீங்க?"

"மாதுளை முத்த ஒடைச்ச செவப்புங்க சம்பந்தி. இந்த ஆத்தங்கரைல அது ஒரு கைக்குத்தான் வரும்."

அவர் இல்லை என்று சொன்னால், அந்தச் சிவப்பு மற்றப் பட்டறையிலும் வரும் என்று ஆகிவிடும். அந்தச் சிவப்பைச் சொல்லித்தான் கடைவீதியில் நிமிர்ந்து நடக்கிறவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊர் அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டது.

மகளின் கையைச் சாட்சிக்கு இழுத்துவிட்டேன். வீட்டில் அவளை என்ன சொன்னார்களோ.

மாசி 24, திங்கள்

மூட்டம். மழை இல்லை. மேல்கரையில் குழி வெட்டுகிறார்கள். முதல் குழி சம்பந்தி பட்டறையில். ஆள் விட்டுச் சொன்னார்: "ஆள் ஒசரம் வெட்டியாச்சுன்னு சொல்லிப்போடு. புள்ளைய அனுப்பறதப் பத்தி மட்டும் அவரு பேச வேண்டாம்."

கோயிலில் எனக்கு மாலை போட வேண்டும் என்று ஊரில் பேச்சு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாசி 27, வியாழன்

விடிந்ததும் ஆற்றுக்குப் போனேன். வெறும் தண்ணீர். அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது. பெண்கள் ஊற்றில் மொண்டு குடித்து, "கல்கண்டாட்ட இருக்குதுங்க" என்று எனக்கும் ஒரு சொம்பு நீட்டினார்கள். குடித்தேன். நல்ல தண்ணீர்தான். இரண்டு வருடமாக இதற்குத்தான் ஏங்கினேன்.

உச்சி வரை வாய்க்கால் ஓரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வரவும் கூடாது. வள்ளி எழுந்தாளா, படுத்திருக்கிறாளா, தெரியவில்லை.

செல்லம்மா சாப்பிடக் கூப்பிட வந்தாள். "கல்ல எண்ணிட்டு உக்காந்திருக்கறீங்களா?" அப்புறம் மெதுவாக, "குழி பட்டறைக்குப் பின்னாலதானுங்க மாமா. வேலிக்கு வெளிய நின்னாலே தெரியுமாமுங்க, இன்னிக்கு என்ன நெறம்னு."

வேட்டி மாற்றியாயிற்று. மேல்கரை நாலு மைல். யாராவது கேட்டால், குழி ஆழம் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வெளிச்சம் போவதற்குள் போய்ச் சேர வேண்டும்.