பங்காரம் வீட்டுக்கு வந்த பிறகு

மதுக்கரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சசிதருக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகள் சாய்ப்ரியாவும் மெல்பர்னில் சுகமாக இருக்க வேண்டும். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் அம்மா பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிடு கண்ணு.

அம்மா ஆசிரமத்தை விட்டு வந்து நான்கு மாதம் ஆகிறது. பதினோரு வருடம் அங்கே வேறு பெயரில் இருந்தவள். "பங்காரம்" என்று கூப்பிட்டால் இன்னும் சட்டென்று திரும்புவதில்லை. சாப்பிட்டு முடித்தால், "எந்திரிக்கலாங்களா?" என்று என்னிடம் கேட்கிறாள். "உன்ற ஊட்டுல நீ யாரைக் கேக்கோணும்?" என்றேன். அழுதாள். அதிலிருந்து நான் வெறுமனே தலையாட்டிவிடுகிறேன். அது சரியா தப்பா என்று தெரியவில்லை. கூட்டிப்போய்க் காட்டினால் டாக்டர், அவசரப்படுத்தாதீர்கள் என்கிறார். அவ்வளவுதான்.

ஏன் வந்தாள் என்பதையே இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னாள். ஆசிரம வாசலில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. மேட்டுப்பாளையத்திலிருந்து பாவாத்தாள் என்று ஒரு பெண்மணி, உள்ளே இருக்கும் தன் மகளைப் பார்க்க வந்திருக்கிறார். பற்று அறுபட வேண்டும், அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல் என மேலேயிருந்து உத்தரவு. இவளும் சொல்லிவிட்டாள். அந்த அம்மா கேட்டுக்கு வெளியே வெயிலில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். அப்புறம் தியானத்தில் கண்ணை மூடினால் அந்த முகம்தான். கட்டிய துணியோடு உக்கடம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் கேட்டபடி மேட்டுப்பாளையம் கூட்டிப்போனேன். விசாரித்துக்கொண்டு போனால், பாக்கு மண்டிக்குப் பின்னால் சின்ன வீடு. உன் அம்மா வாசலில் நின்றபடியே, "உங்க பொண்ணு அங்கதானுங்க இருக்குது. இல்லைன்னு பொய் சொன்னது நானுங்க" என்றாள். அடித்துவிடுவாரோ என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவரோ, "ஏனுங்கம்மணி, சளி புடிச்சா எம்புள்ளைக்கு இழுப்பு வந்துருமுங்க. அங்க மருந்து குடுக்கறாங்களா?" என்றார். "நானே ஆவி புடிக்க வெச்சிருக்கறனுங்க" என்றாள் இவள். அவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னுஞ் சொல்லுங்க" என்றார்.

மகள் வயது வந்தவள், தானாகப் போனவள் என்று போலீஸில் கைவிரித்துவிட்டார்களாம். எங்களாலும் அவளை வெளியே கொண்டுவர முடியவில்லை. உன் அம்மா வாராவாரம் போய், அந்தப் பெண் எப்படித் தூங்குவாள், எதற்குச் சிரிப்பாள் என்று சொல்லிவிட்டு வருகிறாள். இப்போது சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த வாரம் என்ன சொல்வேன் என்று பஸ்ஸிலேயே பயப்படுகிறாள். ஆனாலும் அந்த ஒருநாள்தான், யாரையும் கேட்காமல் தானே எழுந்து தலை சீவிக் கிளம்புகிறாள்.

உன் கல்யாணத்துக்கு அவள் வராததை நான் மறக்கவில்லை. பந்தியில் எத்தனை பேருக்கு நீ பதில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். மன்னித்துவிடு என்று நான் எப்படிச் சொல்வேன்? அவளும் உன்னைப் பற்றி வாய் திறப்பதில்லை. நேற்று உன் கல்யாண போட்டோவை நானே எடுத்து அவளிடம் கொடுத்தேன். மருமகள் முகத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாக, "இந்தப் புள்ள பேரென்னங்க?" என்றாள்.

நான் சொல்லவில்லை. நீ சொல்வாய் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

பெருமாள் உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன் அப்பா,
பாலகோபால்