கடைசி ஆட்டத்து ஐஸ் தண்ணீர்

ஆகஸ்ட் 17, 1998, திங்கள்

அமெரிக்க ஃபுட்பால் பயிற்சி ஆரம்பம். அயோவா வெயில் மைதானத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. போன வருஷம் இதே வெயிலில் ஒரு காகம் பறக்கும்போதே வெந்து விழுந்தது என்று பையன்களிடம் சொன்னேன். பாதிப் பேர் நம்பினார்கள். நம்பாதவர்களைக் கூடுதலாக ஓடவிட்டேன்.

நான் கோல்டர் கல்லூரிக்கு கோச்சாக வந்தபோது இந்த இடம் வெறும் சோளக்கொல்லை. உழுது, புல் விதைத்து மைதானமாக்கியவன் நான். (என் மனைவி மார்வா கேட்டால், "மைதானம் முன்னாடியே இருந்துச்சு வெர்ல்" என்பாள். கேட்டால்தானே.) பெரிய பல்கலைக்கழகங்களில் வெள்ளைக்கோடு போட ஆள் உண்டு. இங்கே கோச்தான் கோடு போட வேண்டும், சட்டை துவைக்க வேண்டும், பஸ்ஸும் ஓட்ட வேண்டும். கோடு நேராக வர நான் கயிறு கட்ட மாட்டேன். கண் போதும். விமானத்தில் போகிறவன்கூட என் கோட்டைப் பார்த்துத்தான் திசை பிடிக்கிறான்.

தடுப்பு ஆட்டம் இந்த வருஷமும் டென்னி பொறுப்பு. என்னிடம் ஆடிய பையன், படிப்பு முடிந்ததும் எனக்கே உதவிக் கோச்சாக நின்றுவிட்டான். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நான், மோதிரம் என் பையில்தான் இருந்தது.

செப்டம்பர் 12

ஜெயித்தோம். நான் கத்திய கத்தலில் எதிரணி உதைத்த பந்து திரும்பி வந்தது.

செப்டம்பர் 26

தோற்றோம். நடுவருக்குக் கண் இல்லை.

அக்டோபர் 22, வியாழன்

எப்படி எழுதுவது இதை.

அணிக்குப் புதுப் பையனை மைதானத்தில் பிடிக்க முடியாது. அவன் அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து, அவள் வைத்ததைத் தின்று, இரண்டாம் துண்டு கேட்க வேண்டும். அங்கேதான் பையன் நம்முடையவன் ஆவான். இந்த வித்தையை டென்னிக்குச் சொல்லிக் கொடுத்தது நான்.

இன்று அப்படி ஒரு பையனின் அம்மா லொரெய்ன் பாட்சர் வீட்டுக்குப் போனேன். பையன் பன்றிக் கொட்டகையில் இருந்தான், கதவளவு தோள். அவள் பூசணிக்காய் வைத்துச் சுட்ட இனிப்புப் 'பை' ஒரு துண்டு வைத்தாள். முதல் வாய் உள்ளே போகவில்லை -

"டென்னி போன வாரமே வந்துட்டுப் போனாரே கோச். ரெண்டாவது துண்டு கேட்டு வாங்கித் தின்னாரு, தங்கமான மனுஷன்!"

"அப்படியா?"

"அடுத்த வருஷம் அவர்தான் கோச்சாமே. நீங்க ஓய்வெடுக்கப் போறீங்கன்னு சொன்னாரு. நல்லா மீன் பிடிங்க!"

நான் வாழ்க்கையில் தூண்டில் தொட்டதில்லை. ஆனாலும் சிரித்தேன். "டிராக்டர் நீளத்துக்கு ஒண்ணு பிடிச்சு உங்களுக்கு அனுப்பறேன்மா" என்றேன். இரண்டாம் துண்டும் கேட்டுத் தின்றேன்.

ஓய்வா? யாருக்கு? எவன் சொன்னான்?

அக்டோபர் 23

டென்னி மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடத் தேவலை.

"சீசன் முடியற வரைக்கும் உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு துறைத் தலைவர் ப்ரூக்ஸ் சொல்லிட்டாரு கோச்."

"லொரெய்ன் பாட்சர்கிட்ட மட்டும் சொல்லலாமா?"

"அவங்க கேட்டாங்க. அடுத்த வருஷம் யார்கிட்ட பையனை விடறோம்னு தெரியணும்னாங்க."

"எனக்குத் தெரிய வேணாமாடா?"

அவன் ஊதலை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான். அந்தப் பழக்கமும் என்னுடையதுதான்.

"பையன்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"சத்தியமா தெரியாது கோச்."

சரி. அது ஒன்றாவது மிச்சம்.

அக்டோபர் 26

விளையாட்டுத் துறைக்குத் தலைவராக இருக்கும் ப்ரூக்ஸ் என் கடைசி மகனைவிடச் சின்னவன். நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, "நீங்க இந்தக் கல்லூரியோட வரலாறு, வெர்லின்" என்றான்.

"வரலாறுன்னா செத்தவன்னு அர்த்தம். நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன். ஒரு வருஷம் கொடு."

ஜன்னலைப் பார்த்தான். "பெல்நாப்பை ஜெயிங்க. அப்புறம் பேசலாம்."

பெல்நாப் கல்லூரியோடுதான் எங்கள் கடைசி ஆட்டம். அவர்களை நான் தூக்கத்திலேயே ஜெயிப்பேன். (போன நாலு வருஷமும் தோற்றோம். அது வேறு விஷயம்.)

மார்வாவிடம் சொன்னேன், வேலை என் கையில்தான் இருக்கிறது என்று. "அந்தாளு பேசலாம்னுதானே சொன்னான்?" என்றாள். இவளுக்கு எப்போதும் இப்படித்தான்.

நவம்பர் 13, வெள்ளி

கோடு போட்டேன். கை ஆடவில்லை.

மார்வா வண்டியில் துண்டும் மாற்றுச் சட்டையும் வைத்துவிட்டாள். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் பையன்கள் ஐஸ் தண்ணீர் டிரம்மைத் தூக்கிவந்து கோச் தலையில் கவிழ்ப்பார்கள். ஒரு வருஷம் கவிழ்த்த தண்ணீர் தோளிலேயே உறைந்துபோய், மார்வா சுத்தியலால் தட்டித்தான் மேல்கோட்டைக் கழற்றினாள். அதுபோல ஒரு குளிர் நாளைக்கு வேணும்.

நவம்பர் 14, சனி

ஜெயித்தோம்! பெல்நாப்பை மண் கவ்வ வைத்தோம்! கடைசி நிமிஷம், மூன்று புள்ளி பின்னால். பந்தைக் கம்பத்துக்கு நடுவே உதைத்து, மூன்று புள்ளி எடுத்துச் சமன் செய்யலாம் என்றான் டென்னி. ஓடுங்கடா என்றேன் நான். பந்தோடு ஓடினார்கள், எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தார்கள், ஆறு புள்ளி. ஊரே எழுந்து நின்று என் பெயரைக் கத்தியது. டிரம் முழுசும் என் தலையில். பல் கிடுகிடுவென்று

நவம்பர் 15

நேற்று எழுதியதில் கடைசி வரி பொய். ஓடி ஜெயித்தது நிஜம்.

டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? திரும்பாமல், தெரியாதவன் மாதிரி நின்றேன், எப்பவும் நிற்கிற மாதிரி. தோளைக்கூடக் குறுக்கி வைத்திருந்தேன்.

சத்தம் என்னைத் தாண்டிப் போயிடுச்சு.

டென்னி தலையில் கவிழ்த்தார்கள். அவன் நனைந்துபோய் என்னைப் பார்த்தான். அணித்தலைவன் காஸியிடம் கேட்டேன். "ஏன்டா?"

"அடுத்த வருஷம் அவருதானே கோச். செப்டம்பர்லயே சொன்னாரு... உங்களுக்கும் தெரியும்னு நெனச்சோம் கோச். குளிர்ல உங்க உடம்புக்கு வேற ஆகாதேன்னு -"

பாவம், அந்தப் பயல் என் நல்லதுக்குத்தான் செய்திருக்கிறான்.

செப்டம்பர்லயே! நான் அவனுங்களுக்கு சட்டை துவைச்சிட்டிருந்தேன்.

ப்ரூக்ஸ் கைகொடுத்தான். "பிரமாதமான முடிவு" என்றான். முடிவு என்றான். பேசலாம் என்றவன் அதற்குமேல் பேசவில்லை.

வண்டியில் மார்வா துண்டை நீட்டினாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள். துண்டை மடித்து வைத்துவிட்டாள்.

டிசம்பர் 5

பிரிவு விருந்து. கடிகாரம் கொடுத்தார்கள். டென்னி என்னைப் பற்றிப் பேசினான். காகம் வெந்து விழுந்த கதையைச் சொன்னான், தான் பார்த்த மாதிரி. எல்லாரும் சிரித்தார்கள்.

செப்டம்பர் 11, 1999, சனி

மளிகைக்குப் போய்த் திரும்பும்போது மார்வா மைதானத்துப் பக்கமாக ஓட்டினாள். முதல் ஆட்டம். கூட்டம் இருந்தது. பாட்சர் பையன் ஓரத்தில் நின்றான், தோளைப் பார்த்தே கண்டுபிடித்தேன். நடுக்கோடு தெற்கே போகப்போக வளைகிறது. டென்னி கயிறு கட்டியும் வளைந்திருக்கிறது.

"உள்ள போகலாமா வெர்ல்?"

"எங்க நேரம்? மீன் பிடிக்கப் போகணும்" என்றேன்.

வண்டியில் தூண்டில் இல்லை. அவள் ஏரிப் பக்கம் திருப்பினாள்.