தொப்பியைத் தர மாட்டேன்

கமாண்டோக்காரரே,

வேலை விட்டு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாடையோடு உங்கள் பட்டாளத்து மெரூன் தொப்பி கையில் வந்தது. இன்னும் உங்கள் மண்டையின் வடிவத்தில்தான் இருக்கிறது. கல்யாணமான புதிதில் மல்லாங்கிணற்று வீட்டில், நனைத்துத் தலையிலேயே காயவிட்டால்தான் தொப்பி படியும் என்று தண்ணீர் சொட்டச் சொட்ட என்னிடம் பீற்றிக்கொண்டீர்கள். அன்று தொடங்கியது உங்கள் படைப் பெருமை.

"உத்தரவு வந்தா மறுபேச்சு கிடையாது. தலைவன்னா கடைசியாத்தான் சாப்பிடணும், கடைசியாத்தான் திரும்பணும்." எத்தனை தடவை கேட்டிருப்பேன். வீட்டில் மட்டும் முதல் தட்டு உங்களுக்கு, அடுத்தது மகனுக்கு, கடைசி எனக்கு. ஒருநாள் கேட்டேவிட்டேன். "அது டூட்டி புள்ள, இது வீடு" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டீர்கள்.

ஓய்வு பெற்று வந்து எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் ஆனீர்கள். தீபாவளி சீசனில், நாலு பேர் உட்கார வேண்டிய ரூமில் ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்று நீங்களேதான் சொன்னீர்கள்.

"மொதலாளிகிட்ட சொல்லுங்களேன்" என்றேன்.

"ஆர்டர் அம்புட்டு இருக்கு. மேல சொன்னா செய்யணும்."

குண்டுக்கு அஞ்சாத மனுஷனுக்கு முதலாளி முன்னால் வாய் வரவில்லை. மறுவாரமே ரூம் பற்றிக்கொண்டது. எட்டுப் பேரை வெளியே தள்ளிவிட்டு, உள்ளே மாட்டிக்கொண்ட முத்துமாரியைத் தேடிப் போனீர்கள். இரண்டு பேருமே திரும்பவில்லை. ஊர் உங்களை வீரர் என்கிறது. எனக்கு உங்கள்மேல் கோபம் ஆறவில்லை. முன்கூட்டி ஒரு வார்த்தை பேசியிருந்தால் யாரையும் தேடிப் போக வேண்டி வந்திருக்காது. முத்துமாரியின் அம்மா இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

உங்களுக்குப் பதிலாக அதே கம்பெனியில் எனக்கு வேலை தந்தார்கள். போன வாரம் முதலாளி வீட்டுக்கு வந்தார்.

"அண்ணன் தொப்பியக் குடுத்தீகன்னா ஆபீஸ்ல கண்ணாடிப் பெட்டில வச்சிருவோம். நம்ம ஆளுகளுக்குப் பெருமை."

"புதுசாக் கட்டுன ரூம்ல எத்தன பேர உக்கார வச்சிருக்கீக?" என்று கேட்டேன்.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசிக்க என்ன இருக்கிறது?

இன்று காலை எங்கள் ரூமில் நாலு பேர் உட்கார்ந்த பிறகு, ஐந்தாவதாக ஒருத்தி நுழைந்தாள். எழுந்துபோய் வாசலில் கையை நீட்டி மறித்தேன். புது போர்மேன் ஓடி வந்தார்.

"என்னக்கா இது? மேல சொல்லியிருக்காகல்ல?"

"சொன்னவகள வந்து இங்கன உக்காரச் சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே அவளைத் திருப்பி அனுப்பினார். நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா, தெரியாது. மறுபேச்சு கிடையாது என்ற உங்கள் முதல் பாடத்தை நான் சுடுகாட்டிலேயே விட்டுவிட்டேன். இரண்டாவது மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சாயந்தரம் எல்லாரும் ஏறினார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நான் கம்பெனி வேனில் ஏறினேன்.

தொப்பியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, முதல் தட்டில் எனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மகன் திகைத்துப் பார்த்தான்.

அது டூட்டி, இது வீடு என்றேன்.