இரண்டு முடிச்சுப் போட்ட வலை நூல்

பழைய சாவி ஒன்றைத் தேடி அலுமாரியின் அடித்தட்டில் கையை விட்டேன். நீ தந்த வலை நூல் அகப்பட்டது. மரப்பட்டைச் சாயம் இன்னும் மணக்கிறது, உப்பும் கூடவே. நுனிப் பக்கம் இரண்டு முடிச்சுகள், இடையில் இரண்டு விரல் தூரம். மகள் அதை எடுத்து அரிசிச் சாக்கின் வாயைக் கட்டப் போனாள். நான் போட்ட சத்தத்தில் இன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். அந்த இரண்டு விரல் தூரத்தில் உன் பிழைப்புத் தொங்கிய கதை அவளுக்குத் தெரியாது.

நீ போய் இரண்டு வருடம். உலகச் சண்டை முடிந்து பெற்றோல் திரும்பக் கிடைக்கிறது. தலைமன்னார் வீதியில் மறுபடியும் கார்கள். என் சைக்கிள் கடை வாசலில் இருந்து ஒவ்வொன்றின் முன் சில்லையும் பார்க்கிறேன். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கைகாட்டி நிறுத்தப் பார்க்கிறேன். யாரும் நிற்பதில்லை. நீ ஒருவன்தான் நின்றாய். அதுவும் வேறு வழியில்லாமல்.

நீ அரசாங்கக் கந்தோர்க் கார் ஓட்டிய காலம் அது. வெள்ளைக்காரத் துரையைத் தலைமன்னார்த் துறைக்கு ஏற்றிப் போகையில் கார் வீதியை விட்டு மணலில் இறங்கிப் பனையில் மோதியது. துரைக்கு நெற்றியில் காயம். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, இந்தத் தீவில் எவனும் சொல்வதையே நீயும் சொன்னாய்: "சோழகம் தள்ளிப்போட்டுது." இங்கே ஓடு பறந்தாலும் சோழகக் காற்று, பிள்ளை விழுந்தாலும் சோழகம். ஆனால் அன்று காற்று விழுந்திருந்தது. தன் சுருட்டுப் புகை நேரே மேலே போனதைத் துரை பார்த்திருக்கிறார். ஆகவே நீ பொய்யன். முதல் நாள்தான் உங்கள் ஊர் தாழ்வுபாட்டுக் கோயில் பெருநாள். ஆகவே நீ குடிகாரன். வேலையையும் லைசென்சையும் பறிக்க ஒரு கிழமையில் விசாரணை வைத்தார்கள்.

நீ என் கடைக்கு வந்து சைக்கிள் டயர்க் குவியலின் மேல் இருந்தாய். எங்கள் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நீயும் என்னை நானா என்பாய். நான் ஆறுதல் சொல்லவில்லை. காற்றில்லாமல் மணலில் இறங்கிய கார் தானாகவே ஒரு பக்கம் இழுத்திருக்கவேண்டும். கேள்வி கேட்டேன்.

"எப்ப தொட்டு இழுக்குது?"

"மூண்டு மாசமா, நானா. திரும்பி வரேக்கை இடப்பக்கம் இழுக்கும். போகேக்கை நேராப் போகும். கார் பிழையெண்டா ரெண்டு பயணமும் இழுக்கவேணுமெல்லோ? அதுதான் காத்தெண்டனான்."

"டயரை வலம் இடம் மாத்திப் பாத்தனியோ?"

"ஓம். அப்பவும் இடப்பக்கந்தான்."

"ஓடி நிப்பாட்டினவுடனே சில்லைத் தொட்டுப் பாத்தனியோ? பிறேக் பிடிச்சிருந்தா அந்தப் பக்கம் சுடும்."

"ரெண்டும் ஒரே சூடு."

டயரும் இல்லை, பிறேக்கும் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலைமன்னாருக்குப் போகையில் சோழகம் இடப்பக்கத்தில் இருந்து அடித்து வண்டியை வலப்பக்கம் தள்ளும். வண்டியோ இடப்பக்கம் இழுக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிட, நேராகப் போவதுபோல் இருக்கும். வருகையில் காற்றும் இழுப்பும் ஒரே பக்கம் சேரும். மூன்று மாதமாக அந்தக் காற்றுத்தான் உன்னைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது. அது விழுந்த அன்று நீயும் விழுந்தாய்.

"காத்து உன்னைத் தள்ளேல்லையடா. தாங்கிப் பிடிச்சது," என்றேன்.

"நானா, உங்களுக்குத் தெரிஞ்சது சைக்கிள். அதுக்கு ரெண்டு சில்லு. இதுக்கு நாலு."

"அப்ப ரெண்டு சைக்கிள். எழும்பு."

கந்தோர் சாப்பாட்டு நேரத்தில் காவல்காரன் எங்களைக் கார்க் கொட்டகைக்குள் விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான். அளக்க ஒன்றும் கொண்டுவராத என்னை நீ நக்கலாகப் பார்த்தாய். பிறகு உன் தம்பியின் வலை நூலை இடுப்பில் இருந்து அவிழ்த்துத் தந்தாய். வலப்பக்கம் பின் சில்லின் நடுவில் இருந்து முன் சில்லின் நடுவரை இழுத்து முடிச்சுப் போட்டேன். அதே நூலை இடப்பக்கம் பிடித்தோம். முடிச்சு வரும்முன்பே சில்லின் நடு வந்துவிட்டது. இரண்டு விரல் குறைவு. அங்கே இரண்டாவது முடிச்சு. முன் அச்சின் இடப்பக்கம் பின்னால் விலகி நின்றது. கீழே படுத்துப் பார்த்தேன். வில்லுத் தகடுகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் நடு ஆணி முறிந்திருந்தது. துரையைக் கீரிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய் உப்புத் தின்ற ஆணி. முறிந்த துண்டு கையோடு வந்தது; பையில் போட்டுக்கொண்டேன்.

விசாரணையன்று கொழும்பில் படித்த பட்டறைப் போர்மன், கார் பனையில் மோதியதால்தான் அச்சு விலகியது என்றார். என்னைப் படி ஏறவிடவில்லை. "சைக்கிள் ஒட்டுப் போடுறவருக்கு இங்கை என்ன அலுவல்?" என்றார். அந்தச் சொல் இன்றும் எரிகிறது. முறிந்த ஆணியைப் படியில் நின்றே உயர்த்திக் காட்டினேன். முறிந்த முகம் முழுவதும் துரு. ஒரு கிழமையில் அப்படித் துரு ஏறாது. துரை எட்டிப் பார்த்தார். "காற்று என்று சத்தியம் செய்தவன் இவன்தானே?" என்று மட்டும் கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். கடலோடிகளின் தாழ்வுபாட்டில் பிறந்தவன் காற்றைப் பிழையாகச் சொன்னேன் என்று சபையில் ஒத்துக்கொள்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். "நான் சொன்னது பிழை, துரை. பொய்யில்லை, பிழை," என்றாய். கிளாக்கர் அதை இங்கிலீசில் சொல்லி முடிக்கும்வரை நிலத்தையே பார்த்தாய்.

ஓட்டிக் காட்டு என்று துரை சொன்னபடி, மறுநாள் விடியப் போர்மன், துரை, நான், நீ எல்லோரும் கீரியில். காற்றில்லை. வற்றிய ஈர மணலில் நீ மெதுவாக ஓட்டி ஸ்டியரிங்கை விட்டாய். போகையில் தடம் கடல் பக்கம் வளைந்தது. வருகையில் பனைப் பக்கம் வளைந்தது. இரண்டு முறையும் உன் இடக்கைப் பக்கம். துரை குனிந்து தடத்தைத் தடியால் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து உன் தோளில் தட்டினார்.

உன் வேலை நிலைத்தது. பிழையைக் கண்டுபிடித்தவர் போர்மன் என்று அறிக்கை எழுதினார்கள். நான் அதை மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். நீயோ அதன்பின் கந்தோர்க் காரை ஒவ்வொரு மாதமும் என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய். கந்தோரில் யார் கேட்டாலும், "எங்கடை நானா பாக்காமல் நான் ஓட்டன்" என்றாய். ஒரு நாளும் நன்றி என்று சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பும்போது ஒன்று சொல்வாய்: "எண்டாலும் நானா, அண்டைக்குக் கொஞ்சம் காத்து இருந்தது." நான் கத்துவேன். நீ சிரித்துக்கொண்டே காரை எடுப்பாய். கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோதும் அதைச் சொன்னாய். நான் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்று சோழகம் விழுந்துவிட்டது. பனையோலை அசையவில்லை. நூலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உங்கள் கோயில் சேமக்காலைக்கு நடந்து போனேன். உன் சிலுவைக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். சுற்றிலும் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்: இருந்திருக்கும், கொஞ்சம் காற்று. கொஞ்சந்தான்.

ஆனால் அச்சு இரண்டு விரல் விலகித்தான் இருந்தது. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை.