எட்வேட் ராசாவின் நேர்த்தி

யாழ்ப்பாணம்
14.2.1997

அன்பு மகன் எட்வேட்டுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் கொம்மாவும் சுகம். அங்கே பனிக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா? உன் படம் கிடைத்தது. பக்கத்தில் நிற்கிற பெண்பிள்ளை யார் என்று கேட்கமாட்டேன், கொம்மா சொல்லிவிட்டா.

ஏழு வயதில் நெருப்புக்காய்ச்சலில் நீ கிடந்தபோது, பிழைத்தால் உன்னைக் குருவானவராக்குவதாகப் பேதுருவானவர் கோயிலில் நேர்ந்தேன். சண்டையால் தள்ளிப்போனதே தவிர, தீர்ந்துபோகவில்லை. கனடாவிலும் குருமடம் இருக்கிறதாம். புனித எட்வேட்டின் பெயரைச் சும்மாவா வைத்தேன்?

உன் அப்பா
இக்னேசியஸ்


ஸ்காபரோ
30.3.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

காதை மூடிக்கொண்டுதான் போகிறேன். ஆனாலும் நீங்கள் சொன்னது கேட்டது.

அந்தப் பிள்ளை சுலக்சனா. ஒஷாவாவில் என்னோடு வேலை செய்கிறாள். திருகோணமலைச் சைவப் பிள்ளை. ஆவணியில் கலியாணம். குருமடத்துக்கு நான் போகமாட்டேன்.

அஜின்கோர்ட் நூலகத்தில் உங்கள் புனிதர், அந்த இங்கிலாந்து எட்வேட் ராசாவைப் பற்றி வாசித்தேன். ரோமாபுரிக்கு யாத்திரை போவதாக அவர் நேர்ந்தாராம். நாட்டை விட்டுப் போக முடியவில்லை. பாப்பரசர் நேர்த்தியை மாற்றி, பேதுருவானவருக்குக் கோயில் கட்டச் சொன்னாராம். வெஸ்ட்மின்ஸ்டரில் ராசாவே கட்டினார். அவருக்குப் பிள்ளையில்லை என்பீர்கள். இருந்திருந்தாலும் அதன் தலையில் சுமத்தியிருக்கமாட்டார்.

நேர்ந்தவர் நீங்கள், அப்பா. நான் நினைவில்லாமல் கிடந்தேன்.

மகன்
எட்வேட்


யாழ்ப்பாணம்
2.6.1997

எட்வேட்,

உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கொம்மா பறித்துவிட்டா. உனக்குப் புத்திமதி எழுதச் சொல்லி எங்கள் குருவானவர் அகஸ்ரின் சுவாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துவிட்டு அவர் என்மேல் பாய்ந்தார்.

“பெடியனே நேர்ந்தவன்? நீரெல்லோ நேர்ந்தனீர்! பேதுருவானவர் கோயில் கூரையில்லாமல் கிடக்குது. உம்மடை நேர்த்தியை அங்கை போய்த் தீரும்.”

இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மண்வெட்டியோடு போனேன். ஷெல் விழுந்த இடத்தில் கல்லைப் பிரித்து அடுக்குகிறேன். இளந்தாரிகள் கல் தூக்க வந்தால் அவர்களைக் கலைத்துவிடுகிறேன். நீயும் ஒன்றும் அனுப்பாதே. ஒருவரும் பங்குக்கு வரவேண்டாம்.

சைவப் பிள்ளை என்பதில் எனக்கு இன்னும் மனமில்லை. ஆனாலும் கட்டு. ஆவணிக்கு என்னை எதிர்பார்க்காதே. கோபத்தில் எழுதவில்லை. கூரை ஏறும்வரை நான் இவ்விடம் விட்டு அசையமாட்டேன். தகப்பன் எங்கே என்று சனம் கேட்டால், சுலக்சனாவையே சொல்லச் சொல்: மாமாவுக்கு வேலை கிடக்குதாம்.

அப்பா