நேராகத் தொங்கிய நாற்காலிகள்

அன்புள்ள கொரின்,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? பனி விழுவதற்குள் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. இங்கே கடையில் விற்பதை நம்ப முடியவில்லை.

நான் வேலை பார்க்கும் மியூசியத்தில் ஒரு திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்தேன். கவலைப்படாதே, ஒன்றும் களவு போகவில்லை. இந்த வீட்டில் அந்தக் காலத்தில் துறவிகள் மாதிரி கூடி வாழ்ந்த ஷேக்கர்கள் என்ற மதக்குழுவினர் நாற்காலியைச் சுவர் முளையில் தலைகீழாகத்தான் மாட்டுவார்கள், உட்காரும் பக்கம் தூசி படியாமல் இருக்க. நானும் அப்படித்தான் மாட்டுகிறேன். ஒரு வாரமாக, மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் இரண்டு மட்டும் நேராகத் தொங்கின. தூசி தட்டுகிறவன் எவனும் அந்தத் தப்பைச் செய்யமாட்டான். டிக்கெட் கொடுக்கும் லைமன் மேல் எனக்குச் சந்தேகம். நெசவறை வினிஃப்ரெட்டும் அதே நேரத்தில்தான் காணாமல் போகிறாள்.

நேற்று முன்தினம் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். கல்யாணமே வேண்டாமென்று வாழ்ந்த அந்த ஆண்களும் பெண்களும் பேச உட்கார்ந்த மாதிரியே, ஐந்தடி தள்ளி எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் லைமன். மற்றதில் வினிஃப்ரெட் இல்லை, யாருமே இல்லை.

“என்னய்யா ஒளிஞ்சு பாக்குற? என் பொண்டாட்டி செத்து மூணு வருஷமாச்சு. இப்பத்தான் குறுக்க பேசாம கேக்குறா” என்றான்.

நேற்று அவன் விடுப்பு. எதிர் நாற்காலியில் நீ இருப்பதாக நினைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்து பார்த்தேன்.

தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். நம் உடைந்த வாசற்படி சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தாயே, யார் சரிசெய்தது? எதிர் நாற்காலியிடம் கேட்டேன், அது வாயே திறக்கவில்லை. நீயாவது எழுது.

உன்
கணவன் ஆல்டன்